எழுந்திராமல் இருந்தவளும் நடந்து போனவர்களும்



போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டு என்று நம் ஆண்டவர் சொன்னதைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன் அல்லவா? பூசை முடிந்து சக்கிறீஸ்துக்குள் நான் பூசை உடுப்பைக் களைந்துகொண்டிருக்கையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு வாலிபன் வந்து நின்றான். "சுவாமி, ஒரு சந்தேகம். அநியாயமாய் ஒருவன் நம்மைப் பார்த்து எழுந்திரு என்றால் எழுந்திருப்பது புண்ணியமா? எழுந்திருக்க மாட்டேன் என்றால் அது பாவமா?" என்று கேட்டான். எனக்கோ நல்ல பசி. "பொறுத்துக்கொள் தம்பி, சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் "சரி சுவாமி" என்று தலையாட்டிவிட்டுப் போனான். அந்தச் "சரி" என்னும் சொல் அன்று முழுவதும் என் காதிலே கிடந்து உறுத்திற்று. பசியோடு சொன்ன மறுமொழி அது. குருவானவர் சொல்ல வேண்டிய மறுமொழி அல்ல. ஆகையால் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இந்த வாரம் உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

எழுந்திரு என்ற சொல்லைக் கேட்டு எழுந்திராமல் இருந்த ஒரு ஸ்திரீயின் கதை இது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியில் அலபாமா மாகாணத்தின் தலைநகர் மாண்ட்கோமரி. அந்த ஊர்ப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் 10 இருக்கைகள் வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரு வெள்ளையரும் ஏறாவிட்டாலும் அவை காலியாகவே போகும். கைக்குழந்தையோடு நிற்கிற கறுப்பினத் தாய்கூட அதில் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பினத்தாருக்கு. நடுவிலுள்ள 16 இருக்கைகள் வண்டியோட்டியின் சித்தம். அவன் எழுந்திரு என்றால் எழுந்திருக்க வேண்டும். நகரசபைச் சட்டம் அவனுக்குப் போலீஸ்காரனுடைய அதிகாரத்தையே கொடுத்திருந்தது. இன்னொரு வழக்கமும் உண்டு. கறுப்பினத்தார் முன்வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்துபோய் ஏற வேண்டும். சிலவேளை அவர்கள் பின்வாசலுக்குப் போய்ச் சேருமுன் வண்டி புறப்பட்டுப் போய்விடும். காசும் போயிற்று, வண்டியும் போயிற்று. இத்தனைக்கும் அந்தப் பேருந்துகளில் ஏறுகிறவர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு கறுப்பினத்தாரே. அவர்கள் கொடுத்த காசில்தான் அந்தக் கம்பெனி நடந்தது.

1955-ம் வருஷம் டிசம்பர் மாதம் 1-ந் தேதி வியாழக்கிழமை சாயங்காலம், துணிக்கடையொன்றில் தையல் வேலை செய்துவிட்டு வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் என்பவள் இந்த நடுப்பகுதியில் உட்கார்ந்திருந்தாள். வயது 42. மெதடிஸ்டு சபையைச் சேர்ந்தவள், பக்தியுள்ளவள், அதிர்ந்து பேசாதவள். வண்டி நிறைந்தது. ஒரே ஒரு வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒருவர் உட்காருவதற்காக அந்த வரிசையிலிருந்த நாலு பேரும் எழுந்திருக்க வேண்டும். ஏனென்றால் வெள்ளையர் உட்கார்ந்த வரிசையில் கறுப்பர் உட்காரலாகாது. மூவர் எழுந்தார்கள். அவள் எழவில்லை. ஜன்னல் பக்கமாய் நகர்ந்து உட்கார்ந்தாள். போலீசைக் கூப்பிடுவேன் என்றான் வண்டியோட்டி. கூப்பிடலாம் என்றாள். அவ்வளவுதான். கூச்சலில்லை, சாபமில்லை. போலீசார் வந்து இறங்கச் சொன்னபோது அவர்களோடு இறங்கிப்போனாள்.

வேலை செய்த களைப்பினால் எழுந்திருக்க முடியாமல் இருந்துவிட்டாள் என்று பலர் கதை கட்டினார்கள். உடம்பு களைப்பு ஒன்றுமில்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் களைத்துப்போனேன் என்ற கருத்தில் அவளே பிற்காலத்தில் சொன்னாள். கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் அவள் காரியதரிசியாய்ப் பல வருஷம் உழைத்தவள். அநியாயம் நடந்த இடங்களுக்குப் போய் விசாரித்து எழுதிவைத்தவள். திடீரென்று வானத்திலிருந்து விழுந்த தைரியமல்ல அது. அவளுக்கு முன்னே அதே வருஷம் மார்ச்சு மாதத்தில் கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பெண்ணும், அக்டோபரில் மேரி லூயி ஸ்மித் என்ற 18 வயதுப் பெண்ணும் இதேபோல் எழுந்திராமல் இருந்து கைதியானார்கள். அவர்கள் பெயரை உலகம் அவ்வளவாய்ச் சொல்லவில்லை. நாமாவது சொல்லுவோம்.

இப்போது அர்ச். இயாகப்பர் எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பொன் மோதிரமும் பகட்டான உடுப்புமாய் ஒருவன் சபைக்குள் வருகிறான்; அவனுக்கு நல்ல இடம். கந்தை உடுத்திய ஏழை ஒருவன் வருகிறான். அவனுக்கு நிற்க ஓரிடம், அல்லது காலடியிலே ஓரிடம். இப்படிச் செய்கிற நீங்கள் அக்கிரம எண்ணமுள்ள நியாயாதிபதிகள் அல்லவா என்று அப்போஸ்தலர் கேட்கிறார். நரகாக்கினைக்குரிய பாவங்களைப் பற்றி எழுத வந்தவர், யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதைப் பற்றி எதற்கு இத்தனை வார்த்தை செலவழித்தார்? உட்காருகிற இடத்தைப் பற்றி என்ன பெரிய பேச்சு என்று கேட்கிறவன், எப்போதும் உட்கார இடம் கிடைத்தவனாகவே இருப்பான்.

ரோசா பார்க்ஸ் கைதியான அன்று இராத்திரியே, ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை கண்விழித்துப் பல்லாயிரக்கணக்கான துண்டுக் காகிதங்களை அச்சுருட்டினாள். திங்கட்கிழமை யாரும் பேருந்தில் ஏறாதிருங்கள் என்பதே செய்தி. ஒருநாள் என்று தொடங்கியது. டிசம்பர் 5-ந் தேதி காலையில் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாய் ஓடின. அன்று நீதிஸ்தலத்தில் ரோசா பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் செலவும் விதித்தார்கள். அன்று சாயங்காலம் ஹோல்ட் தெருக் கோவிலில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் கூடி, உள்ளே இடமில்லாமல் வீதியெல்லாம் நிறைந்து நின்று, தொடர்ந்து நடப்போம் என்று தீர்மானித்தார்கள். புதிதாய் ஏற்படுத்திய சங்கத்துக்குத் தலைவராக, அந்த ஊருக்கு வந்து அதிக நாளாகாத 26 வயதுப் பாப்டிஸ்டுப் போதகர் ஒருவரைத் தெரிந்துகொண்டார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்பது அவர் பெயர்.

அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? பிரிவினையை அடியோடு ஒழிக்கவேண்டுமென்றுகூட அல்ல. மரியாதையாய் நடத்துங்கள், கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும், உட்கார்ந்தவரை எழுப்பவேண்டாம், கறுப்பினத்தார் மிகுந்த தடங்களில் அவர்களில் சிலரை வண்டியோட்டிகளாய் வையுங்கள். இவ்வளவுதான். இதற்கும் மாட்டோம் என்றார்கள் நகரத்தார். கொஞ்சம் கேட்டபோது கொடுத்திருந்தால் எல்லாம் போயிருக்காது. பார்வோன் காலமுதல் இதுதான் கதை.

அப்புறம் நடந்தது 381 நாள்.

எண்ணிப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கும் மேல். அவர்களில் அநேகர் வீட்டு வேலைக்காரிகள், சமையற்காரிகள், கூலியாட்கள். விடியுமுன் எழுந்து மைல் கணக்காய் நடந்து, நாளெல்லாம் பிறர் வீட்டில் நின்று வேலை செய்து, மறுபடி நடந்து வந்தார்கள். மாரிக்காலக் குளிரிலும் நடந்தார்கள், வேனிற்காலப் புழுக்கத்திலும் நடந்தார்கள். ஒரு கிழவியை, பாட்டி, உமக்கு வயதாகிவிட்டது, பேருந்திலே போம் என்று சொன்னபோது, காலுக்குத்தான் அலுப்பு, ஆத்துமத்துக்கு இளைப்பாற்றி என்கிற கருத்தில் மறுமொழி சொன்னாளாம். வாடகைக் கார்க்காரர்கள் முதலில் 10 சென்டுக்கு ஏற்றிக்கொண்டுபோனார்கள். 45 சென்டுக்குக் குறையக் கூடாதென்ற பழைய சட்டத்தைப் போலீசார் தூசி தட்டி எடுத்தார்கள். உடனே ஜனங்கள் தங்கள் சொந்தக் கார்களைக் கொடுத்தார்கள். சுமார் 300 கார்கள் முறைபோட்டு ஓடின. கோவில்களின் பேரில் வண்டிகள் வாங்கினார்கள். அதற்கு இன்ஷூரன்ஸ் கிடையாதென்று கம்பெனிகள் கைவிரித்தபோது லண்டன் பட்டணம்வரை போய் இன்ஷூரன்ஸ் எடுத்தார்கள். ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரி, தன் சினேகிதிகளோடு கோழிப் பொரியலும் பணியாரமும் செய்து விற்று, வாரந்தோறும் பணத்தைக் கொண்டுவந்து கூட்டத்தில் வைத்தாள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "எங்கிருந்துமில்லை" என்பாள். அவர்கள் கழகத்தின் பெயரே அதுதான். கொடுத்தவர்கள் பெயர் வெளிப்பட்டால் அவர்கள் வேலை போய்விடுமே! வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற வாக்கியத்துக்கு இதைவிட நல்ல வியாக்கியானம் நான் குருமடத்தில் படிக்கவில்லை.

சிரிப்பூட்டுகிற காரியமும் ஒன்றுண்டு. வேலைக்காரி வராமல் வீடு நடவாதே! வெள்ளைக்கார வீட்டு அம்மாமார்களே கார் எடுத்துக்கொண்டுபோய்த் தங்கள் வேலைக்காரிகளை ஏற்றிவந்தார்கள். அப்படிச் செய்யாதேயுங்கள் என்று நகரசபைத் தலைவர் கெஞ்ச, அதைக் கேட்பாரில்லை.

சரி, அந்த வாலிபனுடைய கேள்விக்கு வருகிறேன். சட்டத்தை மீறினார்களே, அது பாவமல்லவா? மேலான அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அர்ச். சின்னப்பர் உரோமருக்கு எழுதவில்லையா? எழுதினார். ஆனால் திருச்சபையின் சாஸ்திரிகள் அந்த வசனத்தோடு நின்றுவிடவில்லை. நீதியில்லாத சட்டம் சட்டமாகாது என்பது அர்ச். அகுஸ்தீன் போதகம். மனிதச் சட்டம் சர்வேசுரனுடைய நித்திய சட்டத்திலிருந்து தன் வலிமையைப் பெறுகிறது, அதற்கு மாறுபட்டால் அது பலவந்தமேயன்றிச் சட்டமல்ல என்பது அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் போதகம். 1963-ல் பர்மிங்காம் நகரச் சிறையிலிருந்து எழுதின கடிதத்தில், பாப்டிஸ்டுப் போதகராகிய கிங் நம்முடைய இந்த இரண்டு வேதசாஸ்திரிகளையும் பேர் சொல்லிக் காட்டினார். நாம் அலமாரியில் பூட்டிவைத்த ஆயுதத்தை அவர் எடுத்துப் புழங்கினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இன்னொன்றும் உண்டு. அநீதியான சட்டத்தை மீறுகிறவன் அதற்குரிய தண்டனையை ஒளிந்துகொள்ளாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1956 பிப்ரவரியில், பழைய சட்டமொன்றைக் காட்டி, தலைவர்களும் போதகர்களுமாய்ச் சுமார் 90 பேர்மேல் வழக்குத் தொடுத்தார்கள். போலீசார் வீடுவீடாய்த் தேடுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். நடந்ததோ வேறு. அவர்கள் நல்ல உடுப்பு உடுத்தி, பூசைக்குப் போகிறவர்களைப்போல், தாங்களே நீதிஸ்தலத்துக்குப் போய், என் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுக் கைதியானார்கள். சிறை என்பது அந்த ஜனங்களுக்குத் தலைமுறை தலைமுறையாய்ப் பயங்கரமும் வெட்கமுமாய் இருந்தது. அன்றைக்கு அந்தப் பயம் போயிற்று.

கிங் என்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிலர் அவரைப் பிறக்கும்போதே சாந்தசொரூபியாய்ப் பிறந்தவரென்று நினைக்கிறார்கள். 1956 ஜனவரியில் இராத்திரியும் பகலும் தொலைபேசியில் கொலைமிரட்டல். ஒருநாள் நடுச்சாமத்தில் அப்படியொரு மிரட்டலைக் கேட்டுத் தூக்கம் கெட்டு, சமையலறையில் காபியைப் போட்டு வைத்துக்கொண்டு, இனி என்னால் முடியாது, எப்படி விலகிக்கொள்வது என்று யோசித்தார். அந்த மேசைமேல் தலை கவிழ்ந்து, தன் பலவீனத்தை ஒளிக்காமல் ஆண்டவரிடம் சொன்னார். நீதிக்காக நில், நான் உன்னோடிருப்பேன் என்று உள்ளத்தில் ஒரு குரல் கேட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஜெத்சமெனி தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களுக்குள், ஜனவரி 30-ந் தேதி இராத்திரி, அவர் கூட்டத்தில் இருக்கையில் அவர் வீட்டின்மேல் வெடிகுண்டு எறிந்தார்கள். உள்ளே அவர் மனைவி கொரெட்டாவும் இரண்டு மாதமே ஆன பெண் குழந்தையும் இருந்தார்கள். (அந்தக் குழந்தை பிறந்தது மாண்ட்கோமரியில் நம் கத்தோலிக்கர் நடத்திய அர்ச். ததேயுஸ் ஆஸ்பத்திரியில். நிறம் பாராமல் எல்லாரையும் ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரி அது.) சர்வேசுரன் கிருபையால் இருவருக்கும் காயமில்லை. கிங் ஓடிவந்தபோது வீட்டைச் சுற்றிலும் கோபங்கொண்ட ஜனக்கூட்டம். கையிலே துப்பாக்கி உள்ளவர்களும் இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும், அன்றிரவு அந்த ஊரில் இரத்தம் ஓடியிருக்கும். இடிந்த திண்ணையில் நின்றுகொண்டு அவர், ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், சத்துருக்களைச் சிநேகிக்க வேண்டும், அதுவே சேசுநாதர் கட்டளை என்று சொல்லி அனுப்பினார்.

அதே கிங், அந்த நாட்களில் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனக்கும் உத்தரவு கேட்டு மனுக் கொடுத்தார் என்பதும் உண்மை. உத்தரவு கிடைக்கவில்லை. பிறகு யோசித்து, கூட்டத்தாருக்கு ஒன்று சொல்லி வீட்டில் இன்னொன்று வைத்திருப்பது எப்படி என்று துப்பாக்கியை அடியோடு விட்டுவிட்டார். சாந்தம் அவருக்கும் படிப்படியாய்த்தான் வந்தது. கோபம் வருகிறதே, நான் எப்படிப் புண்ணியவானாவேன் என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் என்னிடம் அழுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

அவர் எந்த வழியில் நடந்தாரோ அதற்கு வழிகாட்டி நம் காந்தியடிகள் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். ஊர்ப் புத்தகசாலையில் வேலை செய்த ஜூலியட் மார்கன் என்ற வெள்ளைக்கார ஸ்திரீ, நடை தொடங்கி ஒரு வாரத்துக்குள், இந்த ஜனங்கள் காந்தியிடம் பாடம் படித்திருக்கிறார்கள் என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினாள். அதற்காக அவளுடைய சொந்த ஜனங்களே அவளைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. 1957-ல் காலமானாள்.

நம் ஆண்டவர் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னாரே, அவர் என்ன செய்தார்? பிரதான குருவின் முன்னிலையில் ஒரு சேவகன் அவரைக் கன்னத்தில் அறைந்தான். அர்ச். அருளப்பர் 18-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். ஆண்டவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் வாய்மூடியும் இருக்கவில்லை. நான் பேசியது தப்பானால் தப்பென்று காட்டு, சரியானால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அடித்தவனை அடிக்காமலும் இருந்தார், அடித்தது நியாயமென்று ஒப்புக்கொள்ளாமலும் இருந்தார். தம்பி, நான் உனக்குச் சொல்லத் தவறியது இதுதான். பயத்தினால் எழுந்திருக்கிறவனை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவனுக்குப் பிள்ளைகுட்டிகள் இருக்கும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பொறுமை என்று பேர் வைத்தால், அது புண்ணியத்தின்மேல் பொய் சொல்வதாகும். பொறுமை என்றால் ரோசா பார்க்ஸ் இருந்த இருப்பு. பொறுமை என்றால் அந்தக் கிழவி நடந்த நடை.

நம் கத்தோலிக்கர் அப்போது என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். சொல்ல வெட்கமாயிருந்தாலும் சொல்லுகிறேன். அமெரிக்கத் தென்பகுதியில் நம் கோவில்களிலேயே கறுப்பினத்தாருக்குப் பின்வரிசைப் பலகைகள் இருந்தன. நற்கருணை வாங்கவும் வெள்ளையர் வாங்கினபிறகே அவர்கள் வரவேண்டும். 1955 அக்டோபரில், லூயிசியானா மாகாணத்தில் ஜெஸூயிட் பெண்டு என்ற ஊரில், பூசை செய்ய வந்த குருவானவர் கறுப்பினத்தவர் என்று வெள்ளைக் கத்தோலிக்கர் சிலர் அவரை வழிமறித்துத் திருப்பி அனுப்பினார்கள். நியூ ஓர்லியன்ஸ் அதிமேற்றிராணியாராயிருந்த ஜோசப் ரம்மெல் ஆண்டகை அந்தக் கோவிலில் பூசையே நடவாதபடி நிறுத்திவைத்தார். 1956-ல், நிறப்பிரிவினை பாவமென்று பட்டவர்த்தனமாய் எழுதினார். அமெரிக்க மேற்றிராணிமார் எல்லாரும் கூடி அதையே சொல்ல 1958 ஆயிற்று. வேலைக்காரிகள் நடந்து முடித்து இரண்டு வருஷம் ஆனபிறகு!

அமெரிக்காவைக் குறைசொல்லி நாம் மார்தட்டிக்கொள்ளவும் இடமில்லை. 1959-ல் கிங் நம் இந்தியாவுக்கு வந்து திருவனந்தபுரத்தில், தீண்டப்படாதவர்கள் என்று முன்னே தள்ளிவைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற நம்மைப்போன்ற தீண்டாதவர் ஒருவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்து, ஆம், நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் பின்வரிசைப் பலகையும், நம் நாட்டுக் கோவில்களில் ஜாதிக்கொரு பக்கமென்று பிரித்து வைத்திருந்த இடங்களும் ஒரே தச்சன் செய்த வேலைதானே? நம் கல்லறைத் தோட்டங்களைப் பற்றி நான் இங்கே விரித்து எழுதவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முடிவுக்கு வருகிறேன். ரோசா பார்க்ஸின் வழக்கு மேல் நீதிஸ்தலங்களில் சிக்கிக்கொண்டிருக்க, வேறு நாலு ஸ்திரீகள் பெயரால் வழக்குத் தொடுத்தார்கள். முன்னே சொன்ன கோல்வினும் ஸ்மித்தும் அந்த நால்வரில் உண்டு. 1956 நவம்பர் 13-ந் தேதி, அவர்களுடைய கார்களை நிறுத்தும்படி நகரத்தார் கேட்ட வழக்கு உள்ளூரில் நடந்துகொண்டிருக்கும்போதே, பேருந்தில் பிரிவினை செல்லாது என்று வாஷிங்டன் உச்ச நீதிஸ்தலம் தீர்த்துவிட்ட செய்தி வந்தது. ஆனாலும் கார்களை நிறுத்தச் சொல்லி உள்ளூர்த் தீர்ப்பும் அன்றே வந்தது! உச்ச நீதிஸ்தலத்தின் உத்தரவுக் காகிதம் ஊர்வந்து சேர டிசம்பர் 20 ஆயிற்று. அதுவரை, காரும் இல்லாமல், ஐந்து வாரத்துக்குமேல் நடந்தார்கள்.

அந்த நாட்களில் அவர்கள் செய்த காரியந்தான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாய்ப் படுகிறது. கோவிலுக்குள் நாற்காலிகளைப் பேருந்துபோல் வரிசையாய்ப் போட்டார்கள். ஒருவர் வண்டியோட்டி, சிலர் வெள்ளையர், சிலர் கறுப்பர். வெள்ளையராய் நடித்தவர்கள் திட்டவும் தள்ளவும் செய்தார்கள். மற்றவர்கள் திரும்பத் திட்டாமல் உட்கார்ந்திருக்கப் பழகினார்கள். இது வெள்ளையரை ஜெயித்த ஜெயமென்று பெருமை பேசாதேயுங்கள், வேறு இடமிருந்தால் வேண்டுமென்றே போய்ப் பக்கத்தில் உட்காராதேயுங்கள், திட்டினால் திட்டாதேயுங்கள், அடித்தால் அடிக்காதேயுங்கள் என்று துண்டுக் காகிதம் கொடுத்தார்கள். ஜெயித்தவன் தாழ்ச்சியைப் பழகிக்கொள்ளப் பள்ளிக்கூடம் வைத்த ஊர் வேறே எங்கே உண்டு?

டிசம்பர் 21-ந் தேதி காலையில் முன்வாசல் வழியாய் ஏறி, இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். அதோடு எல்லாம் சுபமாய் முடிந்ததென்று நினைக்கவேண்டாம். சில நாட்களில் பேருந்துகள்மேல் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரு கர்ப்பிணியின் காலில் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10-ந் தேதி இராத்திரியில் நாலு கோவில்களுக்கும் இரண்டு போதகர் வீடுகளுக்கும் வெடி வைத்தார்கள். அந்த வீடுகளில் ஒன்று, கறுப்பினச் சபைக்குப் போதகராயிருந்து அவர்களோடு நின்ற ஒரு வெள்ளைக்காரருடையது. ரோசா பார்க்ஸுக்கு வேலை முன்னமே போயிற்று; பிழைப்புத் தேடி அவளும் புருஷனும் அந்த ஊரைவிட்டே டெட்ராய்ட் பட்டணத்துக்குப் போனார்கள். 2005-ல் அவள் இறந்தபோது வாஷிங்டன் சட்டசபை மண்டபத்தில் அவள் பெட்டியை வைத்து, பதினாயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று மரியாதை செலுத்தினார்கள். அன்றைக்கு எல்லாரும் அவளுக்காக நின்றார்கள்.

அந்த வாலிபனுக்கு ஒரு வார்த்தை. எங்கே, யார் உன்னை எழுந்திரு என்றார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு சக்கிறீஸ்து வாசலில் இருப்பேன். காபி ஆறினால் ஆறட்டும். நீ வந்து உட்கார்ந்து பேசலாம்.